எஃப்-ஒன் அமுக்கினால் போதும்

மூன்றரைக் கிலோ. அடாப்டர் தனி,
அது ஒரு செங்கல், திருடன் வந்தால் எறியலாம்.
பெங்களூரில் ஏதோ கம்பெனி கழித்துப் போட்ட லாட்டில்
மார்த்தாண்டம் வந்து, அங்கிருந்து
குளச்சலில் என் மேசைக்கு.
வயிற்றில் இன்னும் ஒட்டியிருக்கிறது
எவரோ கொடுத்த எண்: 0417.

இதில்தான் வள்ளம் வரைகிறேன்.
முப்பத்திரண்டு அடி, ஃபைபர்,
டன்ஸ்டன் சொன்னபடி அணியம் கொஞ்சம் தூக்கலாக.
வள்ளத்தைத் திரையில் திருப்பினால்
முதலில் ஒரு பக்கம் வரும்.
மறுபக்கம் வருவதற்குள்
கட்டங்காப்பி ஆறி ஏடு படியும்.

"ரேம் காணாது அக்கா" என்றான் லிபின் போனில்.
காணாதென்றால் காணாது.
எட்டு ஜிபி இரண்டு வாங்கினேன்.
பாதி இடம் அடிமூடிக்குக் கீழே,
பாதி இடம் கீபோர்டுக்குக் கீழே,
இதைச் செய்தவன்
வீட்டுச் சாவியைக் கிணற்றில் தொங்கவிடுகிறவனாயிருக்கும்.
பதினொரு திருகாணி, இட்லித் தட்டில் குழிக்கொன்றாக.
ஸ்பீக்கர் காந்தத்தைச் சுற்றி
கருமணல் மீசை வைத்திருந்தது.
மணவாளக்குறிச்சிப் பக்கமிருந்து காற்று கொண்டுவந்து
காந்தம் பிடித்துவைத்தது.
பிரஷால் தட்டினேன், போகவில்லை.
இருந்துவிட்டுப் போகட்டும்.

பட்டனை அமுக்கினால்
திரை கறுப்பு. கேப்ஸ் விளக்கு மட்டும்
மினுக், மினுக், நிறுத்தம், மினுக்.
கழற்றினேன். மாற்றினேன்.
உப்புக்காற்றில் பச்சை பூத்த செம்புப் பற்களை
அழிரப்பரால் தேய்த்தேன்,
ஐந்தாம் வகுப்பில் தப்புக் கணக்கை அழித்த அதே வேகத்தில்.
நாலாவது முறை எழுந்தது.
முப்பத்திரண்டையும் எண்ணிக் காட்டியது.
வள்ளம் திரும்பவில்லை.

அடுத்தது எஸ்எஸ்டி. நாலாயிரத்து இருநூறு.
விண்டோஸ் கண்மூடித் திறப்பதற்குள் வந்தது.
வள்ளம் திரும்பவில்லை.

பிராசசர் மேல் காய்ந்த பேஸ்டைச் சுரண்டி
புதிதாகப் பயறளவு வைத்தேன்.
முன்னாலும் நாற்பத்தாறு டிகிரி, பின்னாலும் நாற்பத்தாறு.
சூடே இல்லை.
இவ்வளவு வேலைக்கு ஒருவருக்கு வியர்க்கவில்லையென்றால்
அவர் வேலையே செய்யவில்லை.
அன்றைக்கே தோன்றியிருக்கணும். தோன்றவில்லை.

ஆடி மாசம். கடல் கிடந்து அலறுகிறது.
"எம்மா, கடல் தணியியதுக்கு முன்ன தருவியா?
பேங்குல படம் கேக்கான்."
நாளைக்கு, என்றேன். முந்தாநாளும் அதைத்தான் சொன்னேன்.

இரவு ஒன்றே முக்கால்.
மூலையில் பிராசசரின் வேகம் காட்டும் எண்:
0.78. என்ன செய்தாலும் 0.78.
மூக்கணாங்கயிறு கட்டியதுபோல.
அப்போது கரண்ட் போனது. பேட்டரி என்றோ செத்தது,
ஆகவே இதுவும் கூடவே போனது.
வந்ததும் பட்டனை அமுக்கினேன்,
கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து:
அடாப்டர் எதுவென்று தெரியவில்லை.
வேகம் குறைக்கப்படும்.
தொடர எஃப்-ஒன் அமுக்கவும்.

விரல் எஃப்-ஒன் மேலிருந்தது.
ஒன்றரை வருஷமாகத் தினமும் காலை
வாசலில் படுத்த நாயைத் தாண்டுவதுபோல்
இந்த மூன்று வரியைத் தாண்டியிருக்கிறேன்.
ஒருநாளும் வாசித்ததில்லை.

பிளக்கின் வாய்க்குள் டார்ச் அடித்தேன்.
நடுவில் முடி போல ஒரு ஊசி,
நான் இன்னார் என்று லேப்டாப்பிடம் சொல்ல வேண்டியது,
சாய்ந்து கிடந்தது.
போன ஐப்பசியா, அதற்கு முந்தையதா,
இருட்டில் வயரைத் தடுக்கி விழுந்தது நான்தான்.
பூனை என்று வீட்டில் சொல்லியிருந்தேன்.
தையலூசியால் நிமிர்த்தினேன். ஒடிந்தது.

காலை முதல் பஸ்ஸில் மார்த்தாண்டம்.
பழைய அடாப்டர், தொள்ளாயிரம் ரூபாய்.
"இத முதல்ல சொல்லப்பிடாதா அக்கா" என்றான் லிபின்.
அது சொல்லிக்கொண்டுதான் இருந்தது, என்றேன்.
அவனுக்கு விளங்கவில்லை.

சொருகினேன். எழுத்து வரவில்லை.
ஃபேன் முதன்முறையாகச் சத்தம் போட்டது.
வள்ளத்தைப் பிடித்து ஒரு சுற்று,
கையோடு வந்தது. இன்னொரு சுற்று.
வலப்பக்கம், அணியத்திலிருந்து ஆறடி தள்ளி
அடிக்கோடு ஒரு நெளிவு நெளிந்தது.

நிறுத்திப் பார்த்தேன். அங்கேதான் இருந்தது,
பக்கம் பக்கமாகப் பார்த்தபோது தெரியாமல்.
இயந்திரத்தின் தப்பில்லை.
மார்ச் பதினாலாம் தேதி நான் போட்ட கோடு.

டன்ஸ்டனுக்கு போன் பண்ணினேன்.
நாளைக்கு இல்லை, அண்ணே.
வியாழன்.